கன்றுக்குக் கிடைக்கும் சீம்பால் குழந்தைக்குக் கிடைக்கிறதா?

சித்தூர் மாவட்டம் பாலுக்குப் பெயர் பெற்றது. பலமனேர், புங்கனூர் வட்டாரங்களில் கறவை மாடு இல்லாத விவசாயி வீடு குறைவு. மாடு கன்று போட்டதும் அந்த வீடுகளில் என்ன நடக்கும் என்பது ஊரறிந்த விஷயம். கன்று தட்டுத் தடுமாறி எழுந்து நிற்பதற்குள் அதைத் தாயின் மடியில் சேர்த்துவிடுவார்கள். சீம்பால் குடிக்காத கன்று தேறாது என்பது யாரும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. தலைமுறை தலைமுறையாகக் கண்ட அனுபவம். கன்று குடித்தது போக மிஞ்சுவதைத்தான் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து வேகவைத்துத் தின்கிறார்கள். தெலுங்கர் வீடுகளில் அதற்கு ஜுன்னு என்று பெயர்.

அதே வீட்டில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்தால் நிலைமை வேறாக இருக்கிறது. முதலில் சுரக்கும் மஞ்சள் நிறப் பாலைக் 'கெட்ட பால்' என்று பீய்ச்சி வெளியே விடும் வழக்கம் இன்னும் அடியோடு ஒழியவில்லை. குழந்தையின் நாக்கில் முதலில் படுவது சர்க்கரைத் தண்ணீராகவோ தேனாகவோ இருக்கிறது. கன்றின் விஷயத்தில் இவ்வளவு கருத்தாக இருப்பவர்கள் குழந்தையின் விஷயத்தில் தவறிவிடுவது ஏன்?

இது வீட்டுப் பெண்கள் பேசித் தீர்க்க வேண்டிய சமாசாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. உச்ச நீதிமன்றம் 2025-ம் ஆண்டில் இதைப் பற்றி உத்தரவிட்டிருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டங்களில் இதற்கு இடம் இருக்கிறது. சித்தூரிலும் திருப்பதியிலும் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் இதை அறிந்து வைத்திருக்க வேண்டியதற்குத் தனிக் காரணங்களும் உண்டு.

ஆஸ்பத்திரி வந்தது, பால் வரவில்லை

இந்தியாவில் இன்று பெரும்பாலான பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. 2019-21 ஆண்டுகளில் நடந்த 5-வது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நூற்றுக்கு 88 பிரசவங்களுக்கு மேல் ஆஸ்பத்திரிகளில் நடந்தன. அதற்கு முந்தைய 2015-16 கணக்கெடுப்பில் இது ஏறக்குறைய 79 சதவீதமாக இருந்தது. பெரிய முன்னேற்றம், சந்தேகமில்லை.

ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் எத்தனை? 2015-16-ல் 41.6 சதவீதம், 2019-21-ல் 41.8 சதவீதம். ஆஸ்பத்திரிப் பிரசவம் பத்து சதவீதம் கூடியும் இந்தக் கணக்கு இருந்த இடத்திலேயே நிற்கிறது. ஆந்திரப் பிரதேசத்தில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில் நடந்தும், முதல் மணி நேரத்தில் பால் கிடைப்பது சுமார் பாதிக் குழந்தைகளுக்குத்தான்.

டாக்டரும் நர்சும் பக்கத்தில் இருக்கிறார்கள். தாயும் சேயும் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள். பாலும் இருக்கிறது. இருந்தும் குழந்தையின் வாய்க்கு அது போய்ச் சேரவில்லை. கோளாறு பாலில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது என்பதையே இந்த எண்கள் காட்டுகின்றன.

சீம்பாலின் மகிமை

தெலுங்கில் முர்ருபாலு என்று சொல்லப்படும் சீம்பால் முதல் இரண்டு மூன்று நாள்கள் சுரப்பது. அளவு குறைவு, சத்து அதிகம். நோயை எதிர்க்கும் பொருள்கள் அதில் செறிந்திருக்கின்றன. குழந்தையின் குடலில் ஒரு பூச்சுப் போலப் படிந்து, கிருமிகள் உள்ளே புகாமல் அவை தடுக்கின்றன. இதைக் குழந்தைக்குப் போடும் முதல் தடுப்பூசி என்று டாக்டர்கள் சொல்வது மிகையல்ல.

"நாலு சொட்டுதானே வருகிறது, குழந்தைக்கு எப்படிப் போதும்?" என்று பாட்டிமார்கள் கவலைப்படுவதுண்டு. பிறந்த குழந்தையின் இரைப்பை முதல் நாளில் ஒரு சிறு கோலிக்குண்டு அளவுதான் இருக்கும். அதற்குச் சில ஸ்பூன் சீம்பாலே போதும். குழந்தை வளர வளரப் பாலும் கூடுகிறது.

பால் சுரப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. குழந்தை எவ்வளவு சப்புகிறதோ அவ்வளவு சுரக்கும். சப்பாவிட்டால் குறையும். முதல் நாளே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் குழந்தையின் பசி மந்தித்துவிடுகிறது, சப்புவது குறைகிறது, பால் வருவதும் தாமதமாகிறது. "பால் இல்லை" என்று டப்பாவைத் தேடுவதற்கு அடிப்படை பெரும்பாலும் இங்கேதான் போடப்படுகிறது.

தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் சேனை தொட்டு வைப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. நல்ல குணமுள்ள பெரியவர் ஒருவர் குழந்தையின் நாக்கில் இனிப்பைத் தடவினால் அவருடைய குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் கழுதைப் பாலைச் சங்கில் புகட்டுவதும் உண்டு. நோக்கம் நல்லதுதான். ஆனால் கழுவாத விரலும், காய்ச்சாத பாலும் பிறந்த குழந்தையின் குடலுக்கு ஆபத்து. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் நரம்புகளைத் தாக்கும் அபாயம் இருப்பதால், அந்த வயது வரை தேனே கூடாது என்பது டாக்டர்களின் உறுதியான கருத்து. பெரியவரின் ஆசீர்வாதத்தைத் தலையில் கை வைத்துப் பெற்றுக்கொள்ளலாமே!

ஒரு மணி நேரம் என்று இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஆதாரம் உண்டா? உண்டு. ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் கிராமப் பகுதியில் ஏறக்குறைய 11,000 குழந்தைகளைக் கவனித்து நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2006-ல் வெளியானது. எல்லாக் குழந்தைகளுக்கும் முதல் மணி நேரத்திலேயே பால் கொடுக்கத் தொடங்கினால், முதல் மாதத்துச் சாவுகளில் 22 சதவீதத்தைத் தவிர்க்கலாம் என்று அது கணக்கிட்டது. முதல் நாளுக்குள் தொடங்கினால் 16 சதவீதம். மருந்துச் செலவு இல்லாமல், இயந்திரம் இல்லாமல் கிடைக்கும் பலன் இது.

ஆபரேஷன் தடையா?

ஆந்திரத்தில் பிரசவங்களில் நூற்றுக்கு 42-க்கு மேல் சிசேரியன் ஆபரேஷன் என்று அதே 5-வது கணக்கெடுப்பு சொல்கிறது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 45. இந்திய சராசரி 21.5 மட்டுமே. ஆகவே சித்தூரில் பிரசவித்தாலும் சரி, வேலூருக்கோ சென்னைக்கோ போய்ப் பிரசவித்தாலும் சரி, ஆபரேஷன் நடக்க நிறைய வாய்ப்பு உண்டு.

ஆபரேஷன் ஆனால் பால் கொடுக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. இப்போது பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப் போகச் செய்துதான் ஆபரேஷன் செய்கிறார்கள். தாய் விழித்திருக்கிறாள். தாயும் சேயும் நலமாக இருந்தால், நர்சு குழந்தையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, சிறிது நேரத்திலேயே சப்ப வைக்கலாம். உடம்போடு உடம்பு ஒட்டியிருப்பதால் குழந்தையின் சூடும் குறையாமல் இருக்கும்.

நடைமுறையில் குழந்தையைத் துடைத்து, துணியில் சுற்றி, வெளியே காத்திருக்கும் உறவினர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கூட்டமாகக் கூடிக் குழந்தையின் சாயல் யாருடையது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த அருமையான ஒரு மணி நேரம் கழிந்துவிடுகிறது. வெளியே நிற்கும் கணவரோ தாயாரோ, "குழந்தைக்கு எப்போது பால் கொடுக்கலாம்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு.

ஆறு மாதம் தண்ணீரும் வேண்டாம்

முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு மற்ற உணவோடு சேர்த்து இரண்டு வயது வரையோ அதற்கு மேலோ தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. இந்தியாவில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 63.7 சதவீதம் பேருக்கே தாய்ப்பால் மட்டும் கொடுக்கப்படுகிறது என்று 2019-21 கணக்கெடுப்பு தெரிவிக்கிறது.

ரேணிகுண்டாவிலும் காளஹஸ்தியிலும் கத்திரி வெயில் அடிக்கும்போது குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்காமல் எப்படி இருப்பது என்று கேட்கலாம். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். தாகத்துக்கும் அதுவே, பசிக்கும் அதுவே. வெயில் காலத்தில் அடிக்கடி பால் கொடுத்தால் போதும். தண்ணீர் குடிக்க வேண்டியது தாய். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்ற பெயரில் தண்ணீரையும் சோற்றையும் குறைப்பதுதான் கெடுதல்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் குறைவு. காதில் சீழ் வடிவதும் குறைவு. 'லான்செட்' என்ற புகழ்பெற்ற மருத்துவப் பத்திரிகை 2016-ல் வெளியிட்ட கணக்கின்படி, உலகமெங்கும் தாய்ப்பால் ஒழுங்காகக் கொடுக்கப்பட்டால் ஆண்டுக்கு 8,23,000 குழந்தைகளின் சாவைத் தடுக்கலாம்.

தாய்க்குக் கிடைக்கும் லாபம்

தாய்ப்பாலினால் குழந்தைக்குத்தான் நன்மை, தாய்க்கு உடம்பு தேய்கிறது என்று ஒரு கருத்து நம்மவரிடையே இருக்கிறது. உண்மை வேறு.

குழந்தை சப்பத் தொடங்கியதும் தாயின் உடம்பில் ஆக்சிடோசின் என்ற சுரப்பு உண்டாகிறது. அது பாலைக் கீழே இறக்குவதோடு, கருப்பையையும் சுருங்கச் செய்கிறது. அதனால் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு குறைகிறது. பிரசவத்தில் தாய் இறப்பதற்கு முக்கியக் காரணம் ரத்தப்போக்கு என்பதையும், நம் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்த சோகை உள்ளவர்கள் என்பதையும் நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

30 நாடுகளில் நடந்த 47 ஆராய்ச்சிகளைத் திரட்டி 2002-ல் ஒரு முடிவு வெளியிடப்பட்டது. ஒரு பெண் மொத்தமாக 12 மாதம் பால் கொடுத்தால் அவளுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.3 சதவீதம் குறைகிறது என்பது அந்த முடிவு. இரண்டு குழந்தைகளுக்கு இரண்டிரண்டு வருடம் கொடுத்தவருக்கு நான்கு மடங்கு பாதுகாப்பு சேர்கிறது. சினைப்பைப் புற்றுநோயும் நீரிழிவும் வரும் வாய்ப்பும் குறைகிறது. லான்செட் கணக்குப்படி, தாய்ப்பால் பழக்கம் பெருகினால் மார்பகப் புற்றுநோயால் இறக்கும் 20,000 பெண்களை ஆண்டுதோறும் காப்பாற்றலாம்.

முதல் ஆறு மாதத்தில் இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால், அடுத்த கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பும் மிகக் குறைவு. இந்த நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் வேறு கருத்தடை முறை தேவை என்பதை மறக்கக் கூடாது.

டப்பா வந்த கதை

தாய்ப்பாலின் இடத்தைப் பால் பவுடர் டப்பா பிடித்தது தானாக நடந்ததல்ல. 1939-லேயே டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண்மணி, சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசும்போது, குழந்தைகளுக்குப் பொருந்தாத பாலை விளம்பரம் செய்து விற்பதைக் கொலைக்கு ஒப்பிட்டுக் கண்டித்தார். 1974-ல் பிரிட்டனில் 'வார் ஆன் வான்ட்' என்ற அமைப்பு ஏழை நாடுகளில் நடக்கும் டப்பா வியாபாரத்தை அம்பலப்படுத்தியது. 1977-ல் அமெரிக்காவில் நெஸ்லே கம்பெனியின் பொருள்களைப் பகிஷ்கரிக்கும் இயக்கம் தொடங்கியது.

1981 மே மாதத்தில் உலக சுகாதார சபை, தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களை விளம்பரம் செய்வதற்குக் கட்டுப்பாடு விதிக்கும் விதித்தொகுப்பை நிறைவேற்றியது. 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒரே நாடு அமெரிக்கா. இந்தியா 1983 டிசம்பரில் தனக்கென ஒரு விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டது; 1992-ல் சட்டமே இயற்றியது; 2003-ல் அதை மேலும் கடுமையாக்கியது.

இந்தச் சட்டப்படி, இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான பால் பவுடர், புட்டி, டப்பா உணவு ஆகியவற்றை விளம்பரம் செய்யக்கூடாது. தாய்மார்களுக்கு இலவச மாதிரி கொடுக்கக்கூடாது. ஆஸ்பத்திரிச் சுவரில் கம்பெனியின் படம் மாட்டக்கூடாது. டாக்டருக்கோ நர்சுக்கோ பரிசு கொடுக்கக்கூடாது. விளம்பரம் செய்தவருக்கு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். தாய்ப்பாலே சிறந்தது என்ற வாசகத்தை டப்பாவின் மேலேயே அச்சிட வேண்டும்.

சட்டம் கடுமையானதுதான். ஆனால் சுவரிலிருந்து இறங்கிய விளம்பரம் இப்போது கைபேசியில் ஏறியிருக்கிறது. யாரோ ஒரு தாய் தன் அனுபவத்தைச் சொல்வது போல வரும் பேச்சுக்குப் பின்னால் வியாபாரம் ஒளிந்திருக்கலாம். ஆறு மாதத்துக்குப் பிறகு கொடுக்கும் டப்பா உணவிலும் சிக்கல் உண்டு. இந்தியாவில் விற்கும் செரிலாக் வகைகளில் ஒரு வேளை உணவுக்குச் சராசரியாக 2.7 கிராம் சர்க்கரை சேர்க்கப்பட்டிருப்பதாகவும், ஐரோப்பாவில் அதே வகை உணவு சர்க்கரை சேர்க்காமல் விற்கப்படுவதாகவும் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த 'பப்ளிக் ஐ' என்ற அமைப்பு 2024 ஏப்ரலில் வெளியிட்ட செய்தி பெரும் பரபரப்பை உண்டாக்கியது.

சம்பளக்காரர் வீட்டுக் கணக்கையும் பார்க்க வேண்டும். நான்கு மாதக் குழந்தைக்கு டப்பாப் பால் மட்டுமே கொடுப்பதானால் நாளொன்றுக்கு நூறு கிராமுக்கு மேல் பவுடர் தேவை. 400 கிராம் டப்பா நான்கு நாள் கூட வராது. மாதத்துக்கு எட்டு ஒன்பது டப்பா வாங்க வேண்டும். இது கட்டுப்படியாகாதபோது, பவுடரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுகிறார்கள். குழந்தையின் வயிறு நிறைகிறது, உடம்பு மெலிகிறது. கொதிக்க வைக்காத தண்ணீரும் சரியாகக் கழுவாத புட்டியும் சேர்ந்தால் வயிற்றுப்போக்கு நிச்சயம். மிச்சப்படுத்திய காசு டாக்டருக்கும் மருந்துக்கும் போகிறது.

ஊருக்குப் போய்த் திரும்பும் தாய்

சித்தூர், திருப்பதி பகுதித் தமிழரில் இரண்டு வகை உண்டு. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கத்தில் தலைமுறைகளாக வாழ்பவர்கள் ஒரு வகை. வேலைக்காக வந்து ஒற்றை அறையிலோ இரண்டு அறை வாடகை வீட்டிலோ குடியிருப்பவர்கள் இன்னொரு வகை. பின்னவர்களின் வீட்டில் தலைப்பிரசவம் என்றால் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவது வழக்கம். அரக்கோணமோ, ராணிப்பேட்டையோ, இன்னும் தெற்கே எங்கேயோ இருக்கும் தாய்வீட்டில் அம்மாவும் பாட்டியும் பார்த்துக்கொள்வார்கள். மூன்றாவது மாதத்திலோ ஐந்தாவது மாதத்திலோ குழந்தையோடு கணவன் வீடு திரும்புவார்கள்.

புட்டி வீட்டுக்குள் நுழைவது பெரும்பாலும் அந்தப் பயணத்தில்தான். மணிக்கணக்கில் பஸ்ஸிலும் ரயிலிலும் கூட்டத்துக்கு நடுவே பால் கொடுக்கக் கூச்சப்பட்டு, "வழிக்கு மட்டும்" என்று ஒரு புட்டி வாங்குகிறார்கள். வந்து சேர்ந்த இடத்தில் துணைக்கு ஆள் இல்லை. சமையல், துணி, தண்ணீர் எல்லாம் ஒருத்தி தலையில். வழிக்கு வாங்கிய புட்டி வீட்டிலேயே தங்கிவிடுகிறது. புட்டிக் காம்பில் பால் சுலபமாக வருவதால் குழந்தை மார்பில் சப்ப மறுக்கிறது. சில வாரங்களில் பால் வற்றுகிறது.

தமிழ்நாட்டில் 2015 ஆகஸ்டில் அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்து வைத்தார். நல்ல முன்மாதிரி. ஆனால் அறையைத் திறப்பது ஒரு நாள் வேலை. அதைப் பூட்டாமலும் குப்பை சேராமலும் வைத்திருப்பது தினசரி வேலை.

2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பொது இடங்களில் பாலூட்டும் அறைகளும் குழந்தைக் காப்பகங்களும் அமைய மாநில அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. புதிதாகக் கட்டும் பொதுக் கட்டடங்களில் இதற்கு இடம் ஒதுக்க வேண்டும், பழைய கட்டடங்களில் முடிந்தவரை ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது. பொது இடத்தில் பால் கொடுப்பதை இழிவாகப் பார்க்கக்கூடாது என்பதையும் எடுத்துக்காட்டியது.

நாடெங்கிலுமிருந்து பக்தர்கள் வந்து குவியும் திருப்பதிக்கு இந்த உத்தரவு மிகவும் பொருந்தும். திருமலையில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையோடு வரும் பெற்றோரைச் சுபதம் வழியாகத் தனியே அனுமதிக்கும் ஏற்பாடு உண்டு. கூட்டம் மிகுந்த விழா நாள்களில் அது நிறுத்தப்படுவதும் உண்டு. மலை மேல் காட்டும் இந்தக் கருணை கீழே பஸ் நிலையத்திலும், ரயில் நிலையத்திலும், சந்தையிலும், சித்தூர் கோர்ட்டு வளாகத்திலும் வருடம் முழுவதும் கிடைக்க வேண்டும்.

வேலைக்குப் போகும் பெண்கள்

ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் ஏராளமான இளம் பெண்கள் வேலை செய்கிறார்கள். திருப்பதியின் ஜவுளிக் கடைகளிலும் ஓட்டல்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் பெண்கள் அதிகம். இவர்களுக்குச் சட்டம் என்ன கொடுக்கிறது?

1961-ல் வந்த மகப்பேறு நலச் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டு, சம்பளத்துடன் கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. ஏற்கெனவே இரண்டோ அதற்கு மேலோ குழந்தைகள் இருந்தால் 12 வாரம்தான். இந்த உரிமைகள் இப்போது 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கின்றன. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளுக்கும் இது பொருந்தும். வேலைக்குத் திரும்பிய பிறகு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, தினமும் இரண்டு முறை பால் கொடுக்க இடைவேளை உண்டு. 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும். தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம்.

26 வாரம் என்பது ஆறு மாதம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்ற ஆலோசனைக்கும் இதற்கும் பொருத்தம் இருக்கிறது. பிரசவத்துக்கு முன்பே எட்டு வாரத்தை எடுத்துவிட்டால், குழந்தைக்கு மிஞ்சுவது 18 வாரம்தான் என்பதையும் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் இந்தக் குடைக்குள் வராதவர்களே அதிகம். சித்தூர் மாவட்டம் மாம்பழக் கூழ் ஆலைகளுக்குப் பேர்போனது. மாம்பழப் பருவத்தில் பழம் நறுக்கவும் தரம் பிரிக்கவும் பெண்கள் தேவை. பருவம் இரண்டு மாதம், மிஞ்சினால் மூன்று மாதம். 80 நாள் கணக்கு அவர்களில் பலருக்கு எட்டாமல் போய்விடும். நாலு பேர் வேலை செய்யும் கடையில் இருப்பவருக்கும், வீட்டு வேலை செய்பவருக்கும், செங்கல் சூளையில் இருப்பவருக்கும் 26 வாரம் என்பது காதால் கேட்கும் செய்தி மட்டுமே. மத்திய அரசின் பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் கிடைக்கிறது. இரண்டாவது பெண் குழந்தையானால் 6,000 ரூபாய். ஆறு மாதக் கூலிக்கு இது ஈடாகுமா?

சட்டத்தின் பலன் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கு அது எட்டவில்லை. தாய்ப்பால் வாரத்தில் கூட்டம் போட்டுத் தாய்க்குப் புத்தி சொல்வது எளிது. அவள் கூலியை விட்டுவிட்டு வீட்டில் இருக்க வழி செய்வதுதான் கடினம். ஆட்சியாளர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

வீட்டில் செய்யக்கூடியவை

அரசாங்கம் செய்யும் வரை காத்திருக்க முடியாது. குழந்தை காத்திருக்காது.

வேலைக்குத் திரும்பும் தாய் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகலாம். சுத்தமான, மூடியுள்ள எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்தால் சாதாரண வெப்பத்தில் நான்கு மணி நேரம் வரை கெடாது. கோடையில் அதற்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் வைத்திருக்கலாம். இதைப் புட்டியில் அல்லாமல் நம் வீடுகளில் பழகிய பாலாடையிலோ சிறு கிண்ணத்திலோ கொடுப்பது நல்லது. குறைப்பிரசவக் குழந்தைகளுக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே இன்று பாலாடையைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு முறையும் அதைக் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும்.

பால் போதுமா என்ற சந்தேகம் வந்தால், டப்பா வாங்கும் முன் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதல் வாரம் கழிந்த பிறகு குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறதா? எடை கூடுகிறதா? இரண்டும் சரியாக இருந்தால் பால் போதும். எடை பார்க்க அங்கன்வாடிக்குப் போகலாம். தமிழ்க் குடும்பம் என்பதாலோ தெலுங்கு சரியாகப் பேச வராது என்பதாலோ அங்கே போகத் தயங்க வேண்டியதில்லை. ஊரிலிருந்து திரும்பும்போது தாய்சேய் நல அட்டையையும் தடுப்பூசிக் கணக்கையும் மறக்காமல் கொண்டுவர வேண்டும்.

கணவரின் பங்கு பெரிது. தாய்வீடு தூரத்தில் இருக்கும்போது அம்மா செய்ய வேண்டிய வேலையில் பாதி அவர் தலையில்தான் விழுகிறது. மத்திய அரசு ஊழியர்களில் ஆண்களுக்கு 15 நாள் விடுப்பு இருக்கிறது. திருப்பதி ரயில் பெட்டிப் பட்டறைத் தொழிலாளிக்கும் ரேணிகுண்டா ரயில்வே குமாஸ்தாவுக்கும் அது உண்டு. தனியார் வேலையில் அப்படிச் சட்டம் இல்லை. விடுப்பு இல்லாவிட்டாலும், தண்ணீர் பிடித்து வைப்பதற்கும், ஒரு வேளை சமைப்பதற்கும், இரவில் குழந்தையை எடுத்துத் தாயின் பக்கத்தில் போடுவதற்கும் யாருடைய அனுமதியும் வேண்டாம்.

பால் கொடுக்க இயலாத தாய்மார்களும் இருக்கிறார்கள். கடும் நோய், சில வகை மருந்துகள், எடை மிகக் குறைந்த குழந்தை என்று உண்மையான காரணங்கள் உண்டு. அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது தர்மமல்ல. டாக்டரின் யோசனைப்படி மாற்றுப் பால் கொடுப்பதில் தவறு எதுவும் இல்லை. இத்தகைய குழந்தைகளுக்காகவே 1989-ல் மும்பை சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் நாட்டின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். சென்னை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலும் அப்படி ஒரு வங்கி இருக்கிறது. தாய்ப்பாலை விலைக்கு விற்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே மாதத்தில் எச்சரித்திருக்கிறது. தானமாகக் கொடுப்பதும் பெறுவதும் ஆஸ்பத்திரி மூலமாகவே நடக்க வேண்டும்.

மொத்தத்தில் தாய்ப்பால் இரண்டு இடங்களில் தடைபடுகிறது: பிரசவ அறையின் முதல் மணி நேரத்தில் ஒன்று, தாய் வேலைக்கோ வாடகை வீட்டுக்கோ திரும்பும் நாளில் மற்றொன்று. முதல் தடையை ஆஸ்பத்திரிகள் நினைத்தால் நாளையே நீக்கலாம். அதற்குப் புதிய கட்டடமோ பணமோ வேண்டாம். இரண்டாவது தடையை நீக்க முதலாளிகள் சட்டத்தை மதிக்க வேண்டும். அரசுகள் கூலிப் பெண்களுக்கும் அதை விரிவாக்க வேண்டும். குடும்பத்து ஆண்கள் கை கொடுக்க வேண்டும். பாலைக் கொடுப்பது தாய். அதற்கு அவளுக்கு வேண்டிய நேரத்தையும் இடத்தையும் சோற்றையும் ஓய்வையும் கொடுக்க வேண்டியது மற்ற எல்லோருடைய கடமை.